மிஞ்சிய சோறு எங்கே போகிறது?



"ஏங்க, நேத்துக் குழம்பு ஊசிப் போச்சு. எங்க கொட்டறது?"

"தெருக்கோடியில கொட்டிட்டு வாம்மா."

காட்டாங்குளத்தூர் பக்கத்துக் கிராமங்களில் காலையில் கேட்கிற பேச்சுதான் இது. ஆனால் தெருக்கோடியில் கொட்டியது அங்கேயே இருப்பதில்லை. வெயில் காலத்தில் ஈ இட்ட முட்டை பத்தே நாளில் புது ஈயாகப் பறக்கிறது. அழுகிய சோற்றில் உட்கார்ந்த அந்த ஈ, உங்கள் குழந்தையின் பால் டம்ளரிலும் வந்து உட்காரும். பேதி வந்த பிறகு ஆஸ்பத்திரிக்கு ஓடுகிறோம். சோற்றுக்கு வரும் எலியின் மூத்திரம் மழைத் தண்ணீரில் கலந்தால் எலிக்காய்ச்சலும் வரலாம்.

ஏரியில் கொட்டினாலும் கெடுதல்தான். அழுகும் சோறு தண்ணீரிலுள்ள பிராணவாயுவைக் குறைத்துவிடும். மீன் செத்து மிதக்கும். கொளுத்தலாமென்றால் ஈரக் குப்பை எரியாது, புகையும்.

"பாலித்தீன் பையில கட்டிப் போடறோமே, அது சுத்தம்தானே?" என்பீர்கள். பார்வைக்குச் சுத்தம், அவ்வளவுதான். பசு பையோடு தின்றுவிடும். மீதி குப்பை மேட்டுக்குப் போய், காற்றுப் படாமல் அழுகி, மீத்தேன் வாயுவை விடும். சாண எரிவாயு அடுப்பில் எரிவதும் இதே வாயுதான். அடுப்பில் எரிந்தால் லாபம். எரியாமல் வானத்தில் கலந்தால், நூறு வருஷக் கணக்கில் கரியமில வாயுவைவிட எடைக்கு எடை சுமார் 28 மடங்கு பூமியைச் சூடாக்கும். நமக்கு வடகிழக்கே, பள்ளிக்கரணை சதுப்பு நிலத்தை ஒட்டிய பெருங்குடிக் குப்பை மேடு 2022 ஏப்ரலில் தீப்பிடித்துப் பல நாள் புகைந்தது. மேட்டிலிருந்து கசியும் கறுப்புத் தண்ணீர் நிலத்தடி நீரையும் கெடுக்கும்.

முதல் வழி, அளந்து உலை வைப்பது. 2022-இல் உலகில் வீணான உணவு 105 கோடி டன் என்று ஐ.நா. கணக்கிட்டது, அதில் 60 சதவிகிதம் வீடுகளில் வீணானது.

அடுத்தது நம் பாட்டிமார் வைத்திருந்த கழுநீர்ப் பானை. அரிசி கழுவிய தண்ணீர், வடிகஞ்சி, காய்த்தோல் எல்லாம் மாட்டுக்கு ஆகும். ஒன்று மட்டும் ஜாக்கிரதை: கல்யாணப் பந்தியில் மிஞ்சிய சோறு, பாயசம், மாட்டுப் பொங்கலன்று பொங்கல் ஆகியவற்றை ஆசையாகக் கூடை கூடையாகக் கொடுக்காதீர்கள். வயிற்றில் அமிலம் கூடி மாடு செத்தே போகலாம்.

மாடில்லாத வீட்டுக்கு மக்குக் குழி. கிணற்றுக்கு 50 அடி தள்ளி, மேட்டுப் பாங்கான இடத்தில், 3 அடி நீளம், 3 அடி அகலம், 2 அடி ஆழம். குழி வெட்டுவது அவர் வேலை, கொட்டுவது அம்மா வேலை என்று பிரிக்காமல் இரண்டு பேரும் செய்யுங்கள். கொட்டியவுடன் காய்ந்த சருகு போட்டு மேலே மண் தூவ வேண்டும், ஈ வராது. வாரம் ஒரு முறை கிளறினால் காற்றுப் புகும், மீத்தேனும் அதிகம் உண்டாகாது. மீன் கழிவு, எலும்பு இருந்தால் அடியில் புதையுங்கள், இல்லாவிட்டால் நாய் தோண்டிவிடும். ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் ஓலைத் தட்டியால் மூடுங்கள். குழி நிறைந்ததும் இன்னொன்று தொடங்கினால், இரண்டு மூன்று மாதத்தில் முதல் குழியில் கறுப்பாக, மண்வாசனையோடு எரு கிடைக்கும். முருங்கைக்கும் கத்தரிக்கும் போடலாம்.

குழிக்கு இடமில்லாதவர்கள் தூய்மைக் காவலரிடம் தனி வாளியில் கொடுங்கள். சோற்றோடு பிளேடும் உடைந்த கண்ணாடியும் கலந்திருந்தால், பிரிக்கும்போது கிழிவது அவர் கைதான்.