இரண்டு ஏணைகளும் ஒரு மூத்தவனும்

திருகோணமலையில் கைக்குழந்தைகள் இரண்டோடு தெருவில் இறங்கினால், சந்தி வருவதற்குள் யாராவது மறித்துவிடுவார்கள். எங்களுடையவை ஒன்று பொடியன், ஒன்று பெட்டை. ஆனாலும் "எப்படிப் பிள்ளை அடையாளம் பிடிக்கிறனீங்கள்?" என்று கேட்பவர்கள் உண்டு. எது முதலில் பிறந்தது, பால் போதுமா, இரவில் மாறி மாறி எழும்புகிறார்களா என்று பேச்சு நீண்டு, நாவூறு படும், உள்ளங்காலிலும் பொட்டு வை என்ற புத்திமதியில் முடியும். இவ்வளவு நேரமும் என் சட்டைத் தொங்கலைப் பிடித்தபடி ஒருவன் நின்றுகொண்டிருப்பான். மூன்று வயது இன்னும் நிரம்பாத மூத்தவன். அவனிடம் கேட்க ஊராரிடம் ஒரே கேள்விதான் இருக்கிறது: "தம்பி தங்கச்சியை வடிவாப் பாக்கிறீங்களோ?"

பிறந்து சில வாரமே ஆன இரட்டைப் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு ஊர் சுற்றுவதா என்று எங்கள் இரு பக்கத்து உறவும் கேட்கிறது. நியாயமான கேள்வி. ஆனால் ஊர் சுற்றுவது இரட்டையருக்காக இல்லை. அவர்களுக்கு வேண்டியது பால், தூக்கம், ஈரமில்லாத துணி. அது வீட்டிலும் ஒன்றுதான், மூதூர் பஸ்ஸிலும் ஒன்றுதான். கூடத்து வளையில் இரண்டு ஏணைகள் தொங்கத் தொடங்கிய அன்றே வீடு முழுக்க அவர்களுடையதாகிவிட்டது. மூத்தவனுக்குத்தான் மடி போனது, பாட்டுப் போனது, பின்னேரத்தில் அப்பாவோடு கடற்கரைக்குப் போகும் வழக்கம் போனது. "சத்தம் போடாதை" என்பதைத் தவிர அவனோடு யாரும் அதிகம் பேசுவதில்லை என்று எனக்கு உறைத்தபோது, வெளியே இறங்குவதென்று தீர்மானித்தோம்.

அதற்கு முன் முப்பத்தோராம் நாள் துடக்குக் கழிய வேண்டும். அதில் அம்மாவிடம் பேரம் பேச முடியாது. அதுவரைக்கும் சரக்குத்தண்ணி, பத்தியக் கறி, ஒத்தணம். மிட்வைஃப் மிஸ் வீடு தேடி வந்து பிள்ளைகளின் தொப்புளையும் என் தையலையும் பார்த்துவிட்டுப் போவார். இந்த நாட்டில் எத்தனையோ காரியங்களைக் குறை சொல்லலாம். பிரசவித்தவள் வீட்டு வாசலுக்குச் சம்பளமில்லாத ஒரு உறவுபோல் வந்து நிற்கும் இந்தச் சேவையைக் குறை சொல்ல எனக்கு வாய் வராது. அரசாங்க வேலை பார்க்கும் அப்பாமாருக்குத் தரும் லீவு மூன்று நாள் என்பதைப் பற்றி மட்டும் ஒரு வார்த்தை: மூன்றாம் நாள் நாங்கள் இன்னும் ஆஸ்பத்திரியில்தான் இருந்தோம்.

முதல் உண்மையான பயணம் கிளினிக்குக்கு. இரண்டு மாதம் நிரம்பியதும் ஐந்து நோய்க்கான ஊசி, போலியோச் சொட்டு, போலியோ ஊசி. தொண்டைக்கரப்பான், கக்குவான், ஏற்புவலி, ஈரல் அழற்சி பி, ஹிப் ஆகிய ஐந்தும் ஒரே ஊசிக்குள் அடங்கிவிட்டன. ஆனால் பிள்ளைகள் இரண்டென்றால் ஊசியும் இரண்டு, அட்டையும் இரண்டு, அன்றிரவு காய்ச்சலும் இரண்டு. தராசில் போடும் நேரம்தான் எனக்கு நெஞ்சு இடிக்கும். இரட்டையரில் பாதிக்கு மேல் 37 வாரம் முடியுமுன்னரே பிறந்துவிடுவதால், நிறை ஏறும் கோடு மற்றப் பிள்ளைகளுடையதைவிடத் தாழ்ந்தே தொடங்கும். மூத்தவனுக்கு அதெல்லாம் கவலையில்லை. தராசில் தானும் ஏற வேண்டும் என்று அழுதான். மிஸ் அவனை ஏற்றி, நிறையைப் பார்த்து, ஒரு பழைய கடதாசியில் எழுதியும் கொடுத்தார். அந்தக் கடதாசி இன்னும் அவனுடைய தலையணைக்குக் கீழ் இருக்கிறது.

இரட்டைப் பிள்ளைகள் முன்னைவிட அதிகம் பிறக்கின்றன. 1980களில் ஆயிரம் பிரசவத்துக்கு ஒன்பதாக இருந்தது இப்போது பன்னிரண்டு என்று 2021இல் வந்த ஓர் உலகளாவிய ஆய்வு சொன்னது. பிந்திய வயதில் பெறுவதும் செயற்கைக் கருத்தரிப்பும் காரணம். தென்னாசியாவில் விகிதம் குறைவுதான். கேரளாவில் மலப்புறத்துக் கொடிஞ்ஞிக் கிராமத்தில் மட்டும் ஏன் இத்தனை இரட்டையர் என்று ஆராய்ச்சிக்காரர்கள் இன்னும் தலையைச் சொறிகிறார்கள். 2020 ஜனவரியில் கொழும்பு சுகததாச அரங்கில் கின்னஸ் சாதனை முயற்சி ஒன்றுக்காக இலங்கையின் இரட்டையர் ஆயிரக்கணக்கில் கூடினார்கள். ஒரே உடுப்பு, ஒரே தலைமுடி, நீண்ட நீண்ட வரிசைகள். அந்தப் படங்களை இப்போது எடுத்துப் பார்த்தால், ஓரத்தில் தனி உடுப்போடு நிற்கும் மூன்றாவது பிள்ளை ஒன்று அகப்படுகிறதா என்றுதான் கண் தேடுகிறது.

எங்கள் சுற்றுலாக்கள் பெரிய சுற்றுலாக்கள் அல்ல. நிலாவெளியிலிருந்து வள்ளம் பிடித்துப் புறாத்தீவுக்குப் போவதெல்லாம் இப்போதைக்குக் கனவு. கன்னியாவின் ஏழு கிணற்று வெந்நீரையும் இரட்டையர் நடக்கத் தொடங்கிய பிறகு பார்த்துக்கொள்ளலாம். ஆடி மாதத்தில் கச்சான் காற்று வீசினால் பகலில் வாசலைத் திறப்பதே பிழை. ஆகவே விடியற்காலைதான் எங்கள் நேரம். இடம் பிரெட்ரிக் கோட்டை.

இரட்டையருக்கான அகலத் தள்ளுவண்டில் ஒன்று எங்களுக்கு அன்பளிப்பாக வந்தது. மத்திய வீதி நடைபாதையில் அது கடை வாசல்களுக்கும் நிறுத்தியிருக்கும் மோட்டார் சைக்கிள்களுக்கும் நடுவில் நுழையாது. கான் மூடி உடைந்த இடத்தில் சில்லு இறங்கும். இப்போது அது வீட்டில் உடுப்புக் கூடையாக இருக்கிறது. அகலத் தள்ளுவண்டிலைக் கண்டுபிடித்தவர் எங்கள் நடைபாதைகளைக் கண்டதில்லை. ஆட்டோதான் சரி. எனக்கும் கணவருக்கும் மடியில் ஆளுக்கொரு பிள்ளை, நடுவில் மூத்தவன், காலடியில் சுடுதண்ணிப் பிளாஸ்க்கும் பம்பஸ் பையும். குழந்தை இருக்கை பற்றி வெளிநாட்டு உறவினர் அறிவுரை அனுப்புவார்கள். ஆட்டோவில் அதை எதில் கட்டுவது என்று அவர்கள் சொல்வதில்லை. மெதுவாக ஓட்டும் ஆட்டோக்காரத் தம்பி ஒருவரைத் தேடிப் பிடித்து, அவரையே கூப்பிடுகிறோம். எங்களால் முடிந்த பாதுகாப்பு அவ்வளவுதான்.

போர்த்துக்கீசர் 1620களில் கோணேசர் கோவிலை இடித்து அந்தக் கல்லில் கட்டிய கோட்டை இது. பிரித்தானியர் 1803இல் யோர்க் கோமகன் பிரெட்ரிக்கின் பெயரை வைத்தார்கள். வாசலால் நுழைந்ததும் புள்ளிமான்கள். காட்டு மானுக்குரிய வெருட்சி இவற்றிடம் இல்லை. ஊருக்குள்ளும் நடந்து திரியும், கடை வாசலில் நின்று பார்க்கும், பொலித்தீன் பையையும் மெல்லும். மூத்தவன் அவற்றுக்கு முன்னால் குந்தியிருந்து கதைப்பான். அந்த நேரம் அப்பாவின் முழுக் கவனமும் அவனுக்குத்தான். இரட்டையர் இருவரும் என்னோடு மர நிழலில். ஒன்று பால் குடிக்க மற்றது தூங்க வேண்டும் என்பது திட்டம். இரண்டும் சேர்ந்து அழுவதுதான் நடப்பு.

மேலே சுவாமி மலையில், இராவணன் வெட்டுப் பக்கமாக, பிள்ளை வரம் வேண்டி வருபவர்கள் குட்டி மரத்தொட்டில்கள் கட்டும் மரம் இருக்கிறது. இரண்டு பிள்ளைகளோடு அதைக் கடந்து போவது எனக்கு இலகுவாக இல்லை. தொட்டிலைக் கட்டிவிட்டு நின்ற ஒரு பெண், "அக்கா, ஒருக்காத் தூக்கலாமோ?" என்று கேட்டார். கொடுத்தேன். மகள் அவருடைய தோளில் பாலைக் கக்கினாள். அவர் துடைக்கவில்லை. மூத்தவனுக்கு வேறு கவலை: "இவ்வளவு சின்னத் தொட்டில்ல ஆர் படுப்பினம்?" அந்தப் பெண்ணே அவனுக்கு விடை சொன்னார், அணில் என்று.

கோட்டையிலிருந்து திரும்பும் வழியில், மைதானத்தை அடுத்த பழைய ஆங்கிலேயர் இடுகாட்டில் ஒரு கடற்படைத் தளபதியின் கல்லறை உண்டு. பெயர் சார்ல்ஸ் ஒஸ்ரின். நாவலாசிரியை ஜேன் ஒஸ்ரினின் கடைசித் தம்பி. 1852இல் பர்மாப் போரின்போது ஐராவதி ஆற்றில் நோயால் இறந்து, இங்கே கொண்டுவந்து அடக்கப்பட்டார். இலக்கிய அன்பர்கள் அக்காவுக்காக அந்தக் கல்லைப் பார்க்கப் போவார்கள். எனக்கு அவருடைய குடும்பக் கதைதான் பெரிது. இளம் வயதில் அவர் மனைவியையும் சின்னஞ்சிறு மகள்மாரையும் நமூர் என்ற போர்க்கப்பலிலேயே குடிவைத்திருந்தார். மூத்தவள் காசிக்குக் கடல் ஒத்துக்கொள்ளவில்லை, ஓயாத குமட்டல். அவளைக் கரையில் அத்தைமாரிடம் விடுவதா, தாயோடே வைத்திருப்பதா என்பது 1813இல் அந்தக் குடும்பத்தின் பெரிய பேச்சு. தாய்க்கும் தகப்பனுக்கும் பிரிய மனமில்லை. அடுத்த வருடம் நான்காவது பிள்ளையைப் பெற்ற கையோடு தாய் அந்தக் கப்பலிலேயே இறந்துபோனார், சில நாளில் அந்தப் பிள்ளையும்.

"மூத்ததை எங்களிட்ட விட்டிட்டுப் போங்கோ, உங்களுக்கும் லேசு" என்று எங்களுக்கும் எல்லோரும் சொல்கிறார்கள். நல்ல மனதோடுதான். ஆனால் கைக்குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு போய், நடக்கத் தெரிந்தவனை விட்டுவிட்டுப் போனால், அவன் அதிலிருந்து என்ன விளங்கிக்கொள்வான்? மூன்று பேரில் ஒருவரை விட்டுத்தான் போக வேண்டுமென்றால், தூங்கும் பிள்ளை ஒன்றை மாமியிடம் விடலாம். அதற்கு இது தெரியவே போவதில்லை.

நீண்ட பயணம் என்றால் மூதூர், அம்மா வீடு. கொட்டியாரக் குடாவை லோஞ்சில் குறுக்கறுத்துப் போவது ஒரு காலத்தில் எங்களுக்கெல்லாம் திருவிழா. துள்ளும் கடலில் மூன்று பிள்ளைகளை வைத்திருக்க எனக்குத் துணிவில்லை, ஆகவே தரைவழி. அம்மா என்னைக் கைக்குழந்தையாகக் கொண்டு திரிந்த நாளில் அந்த வழியில் துறைக்குத் துறை பாதை என்கிற படகு வரும்வரை வெயிலில் காத்திருக்க வேண்டும். 2009இல் 396 மீற்றர் நீளத்தில் கிண்ணியாப் பாலம் திறந்தது. பிறகு உப்பாறு, கங்கை, இறால்குழி என்று மற்றப் பாலங்களும் வந்தன. மூத்தவன் பாலங்களை எண்ணிக்கொண்டு வருவான். இரண்டுக்குப் பிறகு அவனுக்கு எல்லாமே பத்து.

அதன் பிறகும் எல்லாத் துறையும் தீர்ந்துவிடவில்லை என்பதை 2021 நவம்பர் 23 காட்டியது. குறிஞ்சாக்கேணியில் புதுப் பாலம் கட்ட ஆரம்பித்துவிட்டு, மாற்றாக ஓடவிட்ட இழுவைப் படகு காலை நேரத்தில் கவிழ்ந்தது. பள்ளிக்கூடம் போன பிள்ளைகள் மாண்டார்கள். கிண்ணியாவைத் தாண்டும்போது பஸ்ஸில் பேச்சு அதற்கு வந்தால் தாய்மார் தங்கள் பிள்ளைகளைக் கொஞ்சம் கிட்ட இழுத்துக்கொள்வதை நான் பார்த்திருக்கிறேன். பாலத்தைத் தருவதற்கு முன்னர் பாதுகாப்பான மாற்று வழியைத் தர வேண்டும் என்பது கட்டடக் கலை தெரியாத எனக்கே தெரிகிறது.

பஸ்ஸின் படி என் முழங்காலுக்கு மேல். கையில் பிள்ளையோடு அதில் ஏற முடியாது. முதலில் பிள்ளையை மேலே கொடுக்க வேண்டும், யாரிடமாவது. கிண்ணியா உம்மா ஒருவர் ஜன்னலோரம் இருந்தபடியே கையை நீட்டினார்: "புள்ளய இங்க தாங்க மகள். நீங்க பெரியவர ஏத்துங்க." பெரியவர் என்றது மூத்தவனை. அவன் உடனே நிமிர்ந்து, யாருடைய கையையும் பிடிக்காமல் கம்பியைப் பிடித்து ஏறினான். மகள் மூதூர் வரைக்கும் அந்த உம்மாவின் மடியில். இறங்கும்போது அவருடைய முந்தானையில் ஈரம், "அது ஒண்டுமில்ல" என்றார். இங்கே மூன்று பிள்ளைகளோடு பயணம் செய்ய முடிகிறதென்றால் இப்படியான கைகளால்தான். பஸ் நிலையத்தில் பால் கொடுக்க ஒரு மறைவிடம், ஏற ஒரு தாழ்ந்த படி என்று அந்தக் கைகளுக்குக் கொஞ்சம் வேலையைக் குறைக்கலாம். செலவு பெரிதாகாது.

மூதூரில் அம்மம்மா இரட்டையரோடு அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொள்வார். நுளம்பு வலைக்குள் வைத்துவிட்டுத்தான் மறு வேலை. 2017இல் கிண்ணியாவில் டெங்கு ஆடிய ஆட்டத்தை எங்கள் பக்கம் இன்னும் மறக்கவில்லை. அம்மப்பாவுக்கு இரட்டையரை எடுக்கப் பயம், கழுத்து நிற்கவில்லையாம். அதனால் அவர் முழுக்க முழுக்க மூத்தவனுக்கு. தோட்டத்துக் கிணற்றடி, ஆடு, வலை பின்னும் பக்கத்து வீட்டுக்காரர் என்று இருவரும் போனால் சாப்பாட்டுக்குத்தான் திரும்புவார்கள். வீட்டில் இரவில் பலமுறை எழும்புகிறவன் அங்கே ஒரே தூக்கம்.

அடுத்த பயணமும் தீர்மானமாகிவிட்டது. மூன்று வயது நிரம்பும்போது அவனுக்கு எம்.எம்.ஆர். இரண்டாவது ஊசி. அன்றைக்கு இரட்டையர் மாமியோடு வீட்டில், அவனும் நானும் மட்டும் பஸ்ஸில். விஷயத்தைச் சொன்ன நாளிலிருந்து சந்திக்கிறவர்களிடமெல்லாம் "நானும் அம்மாவும் மட்டும் பஸ்ல போறம்" என்று அறிவித்துக்கொண்டு திரிகிறான். ஊசியைப் பற்றி இன்னும் சொல்லவில்லை. சொல்லுவது அப்பாவின் பொறுப்பு என்று நானும், அம்மாவின் பொறுப்பு என்று அவரும் இருக்கிறோம்.