ஜாமீன் கிடைத்தும் வெளிவராதவர்கள்

1872-இல் எழுந்த கோயம்புத்தூர் மத்திய சிறை, 1908 முதல் 1910 வரை வ.உ.சிதம்பரனார் செக்கிழுத்த இடம் என்பதனால் தமிழர் நெஞ்சில் தனி ஸ்தானம் பெற்றது. அதன் பழமையையும் நெருக்கடியையும் முன்னிட்டுப் பிளிச்சியில் புதிய சிறை வரப்போகிறது என்ற செய்தி பலருக்கு நிம்மதியளித்திருக்கிறது. காற்றும் வெளிச்சமும் உள்ள அறைகளை யாரும் வேண்டாம் என்று சொல்லப்போவதில்லை. ஆயினும், உள்ளே இருப்பவர் யார், எதனால் இருக்கிறார் என்று விசாரியாமல் மதிலின் வயதையும் அறையின் அகலத்தையும் மட்டுமே அளந்துகொண்டிருப்பது, நோயை விட்டுவிட்டுக் கட்டிலை மாற்றுவது போன்றதே ஆகும்.

2022-ஆம் ஆண்டின் தேசியக் கணக்குப்படி, இந்தியச் சிறைகளில் இருந்த 5,73,220 பேரில் 4,34,302 பேர் விசாரணைக் கைதிகள். நான்கில் மூவர், குற்றவாளி என்று எந்த நியாயஸ்தலமும் தீர்ப்புச் சொல்லாதவர்கள். தமிழ்நாட்டை மொத்தமாகப் பார்த்தால் வடமாநிலங்களில் உள்ள நெரிசல் இங்கில்லை என்பது மெய்தான். ஆனால் என் கவலை எண்ணிக்கையைப் பற்றியதன்று; திருப்பூரிலிருந்து போலீஸ் வேனில் கோவைக்குக் கொண்டுபோகப்படுகிற அயலூர்த் தொழிலாளியைப் பற்றியது.

பீகாரிலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் ரயிலேறி வந்து, லைன் வீட்டின் ஒற்றை அறையில் ஐந்தாறு பேரோடு தங்கி, பனியன் கம்பெனியில் ஓவர்லாக் மெஷினிலோ செக்கிங் மேஜையிலோ ஒன்றரை ஷிப்ட் உழைத்து, சனிக்கிழமை கைக்கு வரும் வாரச் சம்பளத்தில் பெரும்பகுதியை ஊருக்கு அனுப்பிவிடுகிற ஓர் இளைஞன், ஒரு செல்போன் திருட்டு வழக்கிலோ மதுக்கடை வாசலில் நடந்த கைகலப்பிலோ அகப்பட்டுக்கொள்கிறான் என்று வைத்துக்கொள்வோம். ஜாமீன் கிடைத்துவிடலாம். இரண்டு ஜாமீன்தாரர் வேண்டும், அவர்களில் ஒருவர் இரத்த உறவினராக இருக்க வேண்டும் என்று உத்தரவில் எழுதியிருக்கும்போது, ரேஷன் கார்டும் ஆதாரும் வீட்டுவரி ரசீதும் எடுத்துக்கொண்டு கோர்ட்டுப் படியேற அவனுக்கு யார் இருக்கிறார்? அண்ணன் தர்பங்காவில் இருக்கிறார்; வந்துபோக ரயில் கட்டணமும் ஒரு வாரக் கூலியும் போய்விடும். வீட்டுக்காரருக்கு அவன் முகம் தெரியும், முழுப்பெயர் தெரியாது. கான்ட்ராக்டர் மறுநாளே அந்த மெஷினில் வேறோர் ஆளை உட்கார வைத்திருப்பார். இவ்விதம் கதவு திறந்த பிறகும் உள்ளேயே இருப்பவனும் சிறையில் ஓர் இடத்தை அடைத்துக்கொண்டுதானே இருக்கிறான்?

1978-இல் மத்தியப் பிரதேசத்துக் கொத்தனார் மோதிராமின் வழக்கில், கீழ்க்கோர்ட்டு 10,000 ரூபாய்க்கு ஜாமீன் கேட்டதோடு, சகோதரரின் சொத்து வேறு மாவட்டத்தில் இருக்கிறது என்று சொல்லி அவரையும் ஏற்க மறுத்தது. உச்ச நீதிமன்றத்தில் அவ்வழக்கை ஆராய்ந்த நீதிபதி வி.ஆர். கிருஷ்ணய்யர், தொகையை 1,000 ரூபாயாகக் குறைத்ததோடு நில்லாமல், தொலைதூர மாநிலத்தில் பிடிபடும் தமிழனும் மலையாளியும் யாரைப் போய்த் தேடுவார் என்று அன்றே கேட்டார். அன்று நம்மவருக்காக எழுந்த அந்தக் கேள்வியை, நம் மண்ணில் உழைக்கிற பிறருக்காக இன்று நாம் எழுப்பக் கடமைப்பட்டிருக்கிறோம்.

சட்டம் கைவிட்டுவிடவில்லை. ஜாமீன் பெற்றும் ஒரு மாதத்திற்குள் பத்திரம் கொடுக்க இயலாதவரின் நிபந்தனையைக் கோர்ட்டு தானாகவே தளர்த்தலாம், உள்ளூர் ஜாமீன்தாரரே வேண்டும் என்று வற்புறுத்தலாகாது என்று 2023 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் சொல்லிற்று. ஏழை விசாரணைக் கைதிக்கு 40,000 ரூபாய் வரை அரசே ஜாமீன் தொகை செலுத்தும் திட்டமும் அவ்வாண்டே வந்தது. 2024 ஜூலை முதல் நடைமுறையிலுள்ள புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 479-ஆம் பிரிவோ, மரணமும் ஆயுளும் தண்டனையாகாத வழக்குகளில், முன்பு எக்குற்றத்துக்கும் தண்டனை பெறாதவர் உச்ச தண்டனையின் மூன்றிலொரு பங்குக் காலத்தை உள்ளே கழித்துவிட்டால் விடுவிக்க வழி செய்கிறது. வெளியே விட்டால் ஊருக்கு ஓடிவிடுவான் என்ற அச்சம் சிலருக்கு உண்டு. ஓரிருவர் ஓடக்கூடும் என்பதற்காகப் பதினாயிரம் பேரைச் சந்தேகிப்பது தர்மமாகாது.

குறை எங்கே என்றால், இவ்வளவும் அந்த இளைஞனுக்குத் தெரியாமலிருப்பதில்தான். ஆகவே பனியன் தொழிலில் பொருளீட்டும் பெருமக்களை வேண்டிக்கொள்கிறேன்: உங்கள் ஆள் ஒருவன் ரிமாண்டுக்குப் போனால், அவன் பெயரை ஏட்டிலிருந்து அடிப்பதற்கு முன், இலவச சட்ட உதவிக்கான 15100 என்ற எண்ணுக்கு ஒரு முறை பேசுங்கள், இயலுமானால் வீட்டுவரி ரசீதுடன் கோர்ட்டுக்குப் போய் அவனுக்காக ஒரு கையெழுத்துப் போடுங்கள்.