தினம் 15 நிமிடம், வாரம் ஓர் ஒலி

தமிழில் ‘ஐஸ்’ என்று எழுதினால் அது பனிக்கட்டியாகவும் இருக்கலாம், கண்களைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லாகவும் இருக்கலாம். ஆங்கிலக் காதுக்கு இவை வெவ்வேறு சொற்கள். பனிக்கட்டியின் கடைசி ஒலி வெறும் காற்று. கண்களுக்கான சொல்லின் கடைசியிலோ தேனீயின் ரீங்காரம்போலத் தொண்டை அதிர்கிறது. குரல்வளையில் இரண்டு விரலை வைத்துச் சொல்லிப் பார்த்தால் வித்தியாசம் கையிலேயே தெரியும். இன்னொரு நுட்பமும் உண்டு: அதிரும் ஒலிக்கு முன்னால் வரும் ‘ஐ’ சற்றே நீள்கிறது.

இதைப் படித்துத் தெரிந்துகொள்ள ஒரு நிமிடம் போதும். வாய்க்குப் பழக வாரக்கணக்கில் ஆகும். ஞாயிறன்று இரண்டு மணி நேரம் உட்காருவதைவிட, தினமும் 15 நிமிடம் ஒதுக்குவதே பலன் தரும்.

அந்த 15 நிமிடத்தை எதற்குச் செலவிடுவது என்பதில்தான் பலர் தடுமாறுகிறார்கள். ‘திங்க்’ என்ற சொல்லுக்காக நாக்கைப் பல்லிடுக்கில் வைத்து மாதக்கணக்கில் போராடுகிறார்கள். பிரிட்டிஷ் மொழியியலாளர் ஜெனிஃபர் ஜென்கின்ஸ், ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொள்ளாதவர்கள் தங்களுக்குள் பேசும்போது எங்கே புரியாமல் போகிறது என்று ஆராய்ந்து 2000-இல் ஒரு நூல் வெளியிட்டார். அவர் கணக்கில் அந்தப் பல்லிடுக்கு ஒலி அவசியப் பட்டியலிலேயே இல்லை. உயிரொலியின் நீளம், சொல் முதலில் வரும் சில மெய்களின் மூச்சு, வாக்கியத்தில் எந்தச் சொல்லை அழுத்துகிறோம் என்பவை இருக்கின்றன. நீளத்தைப் பற்றித் தமிழர்கள் அதிகம் கவலைப்பட வேண்டாம். குறிலும் நெடிலும் அறிந்த நாக்குக்கு ‘ஷிப்’பும் ‘ஷீப்’பும் எளிதில் பிரியும்.

மூச்சுதான் சிக்கல். ஊசியைக் குறிக்கும் ‘பின்’ என்னும் ஆங்கிலச் சொல்லை மூச்சில்லாமல் சொன்னால், குப்பைத்தொட்டியைச் சொல்கிறோம் என்று கேட்பவர் நினைக்கக்கூடும். உதட்டின் முன் ஒரு மெல்லிய காகிதத் துண்டைப் பிடித்துச் சொல்ல வேண்டும். காகிதம் துள்ளினால் ஒலி சரி. ‘ஸ்பின்’ என்று சொல்லும்போது அது துள்ளக் கூடாது.

‘ட’வும் கவனிக்க வேண்டியது. தமிழில் நாக்கு பின்னால் மடிகிறது. ஆங்கிலத்தில் மேல்பல்லுக்குச் சற்றுப் பின்னுள்ள மேட்டைத் தொடுகிறது. யாழ்ப்பாணத் தமிழின் ‘ற்ற’ இந்த ஒலிக்கு மிக அருகில் நிற்கிறது. ஈழத்தமிழர் கனடாவின் டொராண்டோ நகரத்தை ‘ரொறன்ரோ’ என எழுதுவதும் இந்த ஒலியை மனத்தில் கொண்டுதான்.

ஆனால் எல்லாவற்றையும்விட அதிக நேரம் கேட்பது சொல்லழுத்தம். தமிழில் அசைகளை ஏறக்குறைய ஒரே பலத்தோடு சொல்கிறோம். ஆங்கிலம் ஓர் அசையைத் தூக்கி மற்றவற்றை விழுங்குகிறது. ‘ஃபோட்டோகிராஃப்’பில் முதல் அசை ஓங்கும். அதை எடுப்பவரைக் குறிக்கும் ‘ஃபடாக்ரஃபர்’ என்ற சொல்லில் ‘டா’ ஓங்கி, முதல் அசை ‘ஃப’ என்று மங்கிவிடும். எந்த அசை ஓங்கும் என்பதற்கு எளிய விதி இல்லை. அகராதியில் அந்த அசைக்கு முன்னால் மேலே ஒரு சிறு செங்குத்துக் கோடு இருக்கும். புதுச் சொல் கற்கும்போதே அதையும் சேர்த்துப் படிப்பது நல்லது.

வாரம் ஓர் ஒலியை எடுத்துக்கொண்டு, தினசரி 15 நிமிடத்தை மூன்றாகப் பிரிக்கலாம். காலையில் 5 நிமிடம் கண்ணாடி முன் அந்த வாரத்துக்கான ஒலி, அதற்கு ஐந்தாறு சொல் ஜோடிகள் போதும். ஆக்ஸ்ஃபோர்டு, கேம்பிரிட்ஜ் இணைய அகராதிகளில் பிரிட்டிஷ், அமெரிக்க உச்சரிப்பு இரண்டையும் கேட்கலாம். ஒன்றைத் தேர்ந்துகொண்டு அதையே பின்பற்றலாம். அடுத்த 5 நிமிடம், எழுத்து வடிவமும் கிடைக்கும் ஒரு செய்தியிலிருந்தோ உரையிலிருந்தோ ஒரு நிமிடப் பகுதி. இரண்டு முறை கேட்டுவிட்டு, பேசுபவரின் ஏற்ற இறக்கத்தை அப்படியே பிடித்தபடி அரை நொடி பின்னால் கூடவே பேச வேண்டும்.

கடைசி 5 நிமிடம், கைபேசியில் பதிவு செய்து கேட்பது. பலரும் கூச்சப்பட்டுத் தவிர்க்கும் இந்தப் பகுதியை விடவே கூடாது. பேசும்போது நம் குரல் மண்டை எலும்பு வழியாகவும் காதுக்கு வருவதால், பிறர் கேட்பதை நாம் கேட்பதில்லை. ‘எக்’ என்பது ‘யெக்’ ஆவதும், ‘பஸ்’ஸின் வாலில் ஒரு ‘உ’ ஒட்டுவதும் பதிவில்தான் பிடிபடும்.

மாதம் ஒருமுறை ஒரு பதிவை, அந்தப் பகுதியை முன்பு கேட்டிராத நண்பரிடம் கொடுத்து, காதில் விழுவதை எழுதித் தரச் சொல்லலாம். அவர் தவறாக எழுதும் சொல்லில் இருக்கிறது அடுத்த வாரத்துக்கான ஒலி.