எந்த டயாலிசிஸ்? விருப்பங்கள் முரண்படும்போது

டயாலிசிஸ் தேவைப்படும் என்று கூறியதும் குடும்பத்தார் கேட்கும் முதற்கேள்வி, “எது நல்லது, டாக்டர்?” என்பதே. நேரான விடை கூற இயலாமைக்குக் காரணம், நாம் விரும்பும் பயன்கள் ஒன்றுக்கொன்று எதிராக இழுப்பதாகும். (மாற்றுச் சிறுநீரகம் பற்றித் தனியே பேச வேண்டும்.)

ஹீமோடயாலிசிஸ் பொதுவாக வாரத்திற்கு 3 முறை, ஒவ்வொரு முறையும் ஏறத்தாழ 4 மணி நேரம், மருத்துவமனையில் நடைபெறுகிறது. பயண நேரம் தனி. பணியைச் செவிலியர் கவனித்துக்கொள்வர். இடையில் சிகிச்சையற்ற நாள்களும் கிடைக்கும். வயிற்று டயாலிசிஸை வீட்டிலேயே செய்துகொள்ளலாம். நாள்தோறும் 3 அல்லது 4 முறை, சுமார் அரை மணி நேரம் செலவிட்டுத் திரவத்தை மாற்ற வேண்டும். வெளியூர் செல்வது எளிது. ஆனால், விடுமுறை நாள் என்பது இல்லை. தூய்மை தவறினால் வயிற்றினுள் தொற்று ஏற்படக்கூடும்.

பலர் முதலில் ஆயுளை ஒப்பிடுகின்றனர். பெரும்பாலான நோயாளிகளுக்கு இரு முறைகளிலும் ஆயுள் ஏறத்தாழ ஒன்றே. வேறுபாடு காட்டாத அளவுகோலை, அது எத்துணை முக்கியமானதாயினும், இத்தேர்வில் ஒதுக்கிவிடலாம். பெஞ்சமின் பிராங்க்ளின் 1772இல் ஜோசப் பிரீஸ்ட்லிக்கு எழுதிய கடிதத்திலும், இருபுறமும் சம எடையுள்ளவற்றை அடித்துவிட்டு எஞ்சியதைக் காணுமாறே அறிவுறுத்தினார்.

எஞ்சியவற்றிற்கு மதிப்பெண் இட்டுக் கூட்டும் வழக்கத்தை நான் விரும்புவதில்லை. பயண வசதிக்கு எத்தனை மதிப்பெண் கிடைத்தாலும், பையை மாற்றுவதற்கு நடுங்காத கைகள் வீட்டில் இல்லையெனில் அத்தொகைக்குப் பொருளில்லை. ஆகவே, விட்டுக்கொடுக்க இயலாதவற்றை முதலில் குறித்துக்கொள்க. முன்னர் நடந்த பெரிய வயிற்று அறுவைச் சிகிச்சை போன்ற மருத்துவத் தடைகளை நாங்கள் கூறுவோம்.

பின்னர், எதற்காக எதை இழக்கச் சம்மதம் என்று கேட்டுக்கொள்ளுங்கள். வீட்டிலேயே இருக்கத் தந்தை விரும்புகிறார்; அலுவலகம் செல்லும் மகளோ பகலில் உதவ இயலாதவர். இரவில் இயந்திரத்தின் துணையுடன் திரவம் மாற்றும் முறை இவர்களுக்குப் பொருந்தலாம். செலவு சற்றுக் கூடும். அச்செலவு தந்தையின் விருப்பத்திற்குத் தகுமா என்பதே இப்போது கேள்வி. முன்னதைவிட இது சிறியது. இருவரிடமும் தனித்தனியே பேசுவது நலம். வீட்டாருக்குச் சுமையாவோமோ என்ற தயக்கத்தில் நோயாளிகள் தம் விருப்பத்தை மறைப்பதுண்டு.

முதுமையும் வேறு நோய்களும் மிகுந்தோருக்கு, டயாலிசிஸ் இன்றி உபாதைகளைத் தணிக்கும் சிகிச்சையும் முறையான ஒரு தேர்வே.

ஹீமோடயாலிசிஸுக்கான கைநரம்பு இணைப்பு, அதாவது ஃபிஸ்டுலா, பயன்பாட்டுக்குத் தயாராகச் சில வாரங்கள் முதல் சில மாதங்கள் வரை ஆகும். எனவே மூச்சுத்திணறல் வரும்வரை காத்திராமல், இப்பேச்சை அடுத்த புறநோயாளர் வருகையிலேயே தொடங்குங்கள். தேர்ந்த முறை பொருந்தாவிடின், பிறிதொன்றுக்கு மாறவும் பெரும்பாலும் வழியுண்டு.