மழையை மாற்றியது யார்?

வானிலை வேறு, காலநிலை வேறு. இன்று பின்னேரம் யட்டியாந்தோட்டையில் மழை பெய்யுமா என்று கேட்டால் அது வானிலை பற்றிய கேள்வி. மே மாதம் பிறந்தால் தென்மேற்குப் பருவக்காற்று நம் மலைகளில் மழையைக் கொட்டும் என்று நம்பி இருப்பது காலநிலை. 30 வருடங்களின் சராசரியை வைத்தே காலநிலையைக் கணிப்பார்கள். ஆகவே ஒரு வருட மழையை வைத்து “காலநிலை மாறிப்போச்சு” என்று சொல்வதும் பிழை. ஒரு குளிரான மார்கழியைக் காட்டி “ஒண்டும் மாறல்ல” என்று சொல்வதும் பிழை.

தொல்காப்பியர் நிலத்தையும் பொழுதையும் முதற்பொருள் என்றார். மரமும் விலங்கும் தொழிலும் அதற்குப் பின்னால் வரும் கருப்பொருள். எங்கள் பகுதியில் இறப்பர் பால் வெட்டுகிறவருக்கு இதை விளக்கத் தேவையில்லை. விடியலில் மழை பிடித்தால் அன்றைக்கு வெட்டு இல்லை. பொழுது குழம்பினால் தொழிலும் குழம்பும்.

வகுப்பில் ஒரு கேள்வி அடிக்கடி எழும்: “காலநிலை எந்தக் காலத்திலும் மாறிக்கொண்டுதானே வந்திருக்கு, சேர்?” நியாயமான கேள்வி. பனியுகங்கள் வந்து போனது உண்மை. ஆனால் ஏன் வந்தன என்று பார்க்க வேண்டும்.

இயற்கைக் காரணங்களில் முதலாவது பூமியின் பாதை. சூரியனைச் சுற்றும் பாதையின் வடிவமும் பூமி அச்சின் சாய்வும் மெதுவாக மாறுகின்றன. அதற்குப் பல்லாயிரம் வருடங்கள் எடுக்கும். ஒரு மனித ஆயுளுக்குள் நாம் காணும் மாற்றத்துக்கு அது காரணமாகாது.

இரண்டாவது சூரியன். அதன் ஒளி ஏறத்தாழ 11 வருடங்களுக்கு ஒருமுறை சற்றுக் கூடிக் குறையும். 1970களின் இறுதியிலிருந்து செய்மதிகள் அதை அளந்து வருகின்றன. பூமி சூடேறிய இந்தக் காலத்தில் சூரிய ஒளி அதற்கேற்பக் கூடவில்லை. மேலும், சூரியன்தான் காரணம் என்றால் வளிமண்டலத்தின் மேலடுக்கும் சூடாக வேண்டும். நடந்ததோ மறுபக்கம்: கீழே சூடு ஏறியது, மேலே குளிர்ந்தது. கீழே யாரோ போர்வை போர்த்தியிருக்கிறார்கள் என்பதற்கு அதுவே அடையாளம்.

மூன்றாவது எரிமலை. 1815இல் இந்தோனேசியாவின் தம்போரா வெடித்தது. அடுத்த வருடம் ஐரோப்பாவில் கோடையே வரவில்லை என்று எழுதி வைத்தார்கள். 1991இல் பிலிப்பைன்ஸின் பினதூபோ வெடித்தபோதும் உலகம் ஓரிரு வருடங்கள் சற்றுக் குளிர்ந்தது. பெரிய எரிமலை வெடித்தால் உலகம் சில காலம் குளிரும், சூடாகாது.

நான்காவது எல் நினோ போன்ற கடல் மாற்றங்கள். இவை ஒரு வருடம் மழையைக் கூட்டும், மறு வருடம் குறைக்கும். ஆனால் பத்து, இருபது வருடங்களாக ஒரே பக்கமாக ஏறும் சூட்டை இவற்றால் விளக்க முடியாது.

மிஞ்சுவது மனிதன். கைத்தொழில் புரட்சிக்கு முன் காற்றின் பத்து இலட்சம் பங்கில் காபனீரொட்சைட்டு ஏறத்தாழ 280 பங்கு. ஹவாயின் மௌனா லோவாவில் 1958இல் தொடர்ந்து அளக்கத் தொடங்கியபோது 315 அளவில் இருந்தது. இப்போது 420ஐத் தாண்டிவிட்டது. இது நிலக்கரியும் எண்ணெயும் எரிந்து வந்ததுதானா? ஆம். கோடிக்கணக்கான வருடங்கள் மண்ணுக்குள் கிடந்த காபனில் காபன்-14 இருக்காது. காற்றிலுள்ள காபனில் அதன் விகிதம் எரிபொருள் எரிந்த அளவுக்கு நீர்த்துப்போனதை விஞ்ஞானிகள் அளந்திருக்கிறார்கள். இதோடு காடழிப்பையும், மாடுகளிலிருந்தும் வயல்களிலிருந்தும் வரும் மெதேனையும் சேர்த்துக்கொள்ளுங்கள். 19ஆம் நூற்றாண்டில் கோப்பிக்கும் பிறகு தேயிலைக்கும் நமது மலைக்காடுகள் வெட்டப்பட்டதும் இந்தக் கணக்கில் ஒரு சிறு வரி.

சூடு கூடினால் மழைக்கு என்ன? வெயிலில் போட்ட உடுப்பு சீக்கிரம் காய்கிறது. கடலுக்கும் அதே விதி. ஒரு பாகை செல்சியஸ் கூடும்போது காற்று ஏறத்தாழ 7 சதவீதம் கூடுதலான நீராவியைத் தாங்கும். தாங்கியதை ஒரு நாள் இறக்கத்தானே வேண்டும்?

2016 மே 17ஆம் திகதி நமது கேகாலை மாவட்டத்தில் அரநாயக்க சாமசர மலை சரிந்தது. நூற்றுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள் அல்லது காணாமல் போனார்கள். அதே நாள் புளத்கொஹுபிட்டியவில் தோட்ட லயன் வீடுகளும் புதைந்தன. வங்காள விரிகுடாவில் உருவாகிப் பின்னர் ரோனு புயலான தாழமுக்கம் அந்த மழையைக் கொண்டுவந்தது. தாழமுக்கம் இயற்கை. சூடேறிய உலகம் அத்தகைய மழையைக் கனமாக்குகிறது. சரிவை வெட்டி வீடு கட்டுவதும், கான்களை அடைத்து நீரை மண்ணுக்குள் இறக்குவதும் உள்ளூர் மனிதர் வேலை. ஒரு மண்சரிவுக்கு ஒரே காரணத்தைத் தேடுவது வீண். மூன்றும் சேர்ந்துதான் மலையை இறக்கும்.

“எல்லாம் அல்லாஹ்ட நாட்டம்தானே” என்பார்கள் நம்மவர்கள். மறுக்கவில்லை. காய்ச்சல் வந்தாலும் நாட்டம்தான். ஆனாலும் மருந்து எடுக்கிறோம், நுளம்பு பெருகும் தண்ணீரை ஊற்றிவிடுகிறோம். காரணத்தைத் தேடுவது ஈமானுக்கு எதிரானதல்ல.

எது காரணம் என்ற கேள்வி வெறும் பரீட்சைக் கேள்வியும் அல்ல. எல்லாம் இயற்கை என்றால் யாரிடமும் கணக்குக் கேட்க முடியாது. மனிதர் காரணம் என்றால், எந்த மனிதர் என்று கேட்க வேண்டும். உலகம் வெளியிடும் காபனீரொட்சைட்டில் இலங்கையின் பங்கு ஒரு சதவீதத்துக்கும் மிகக் குறைவு. லயத்தில் இருப்பவரின் பங்கு அதிலும் தூசி. ஆனால் மலை இறங்கும்போது முதலில் புதைவது அவர் வீடு.

தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் மஞ்சள், செம்மஞ்சள், சிவப்பு என்று எச்சரிக்கை விடுக்கிறது. நிலத்தில் வெடிப்பு, சாயும் மரங்கள், திடீரென ஊறும் ஊற்று, கலங்கி வரும் தண்ணீர் ஆகியவற்றைக் கண்டால் எச்சரிக்கைக்குக் காத்திராமலே வெளியேற வேண்டும். வெளியேறியவர் எங்கே போவது? லயமும் நிலமும் அவருடையதல்ல. உலகத் தலைவர்கள் நிலக்கரியைக் குறைக்கும்வரை நம்மால் அதிகம் செய்ய முடியாமல் போகலாம். ஆபத்தான சரிவில் இருப்பவருக்குப் பாதுகாப்பான இடத்தில் காணியும் வீடும் கேட்டு நிற்க, பள்ளிவாசலும் கோவிலும் பன்சலையும் தேவாலயமும் அதுவரை காத்திருக்க வேண்டியதில்லை.