பிரேக் பிடிக்க ஓர் ஆள்

கோபன்ஹேகனில் ஒரே ஒரு நாள்தான் கிடைக்கிறது என்றால், மாலையை டிவோலிக்கு ஒதுக்கிவிடுங்கள். காலையில் நியூஹாவன் கால்வாய்க்கரை. எழுத்தாளர் ஆண்டர்சன் குடியிருந்த வீடுகள் அங்கேதான். அவர் கதையில் வரும் கடற்கன்னிக்கு 1913இல் வைத்த சிலை ஒன்றேகால் மீட்டர் உயரம்தான். பார்த்துவிட்டு நகர்ந்தேன். மதியம் ஸ்மோர்பிரோட் சாப்பிட்டேன்: கறுத்த ரை ரொட்டி, வெண்ணெய், ஊறவைத்த ஹெரிங் மீன், மேலே வெங்காயம். புளிப்பும் உப்புமாக, முதல் வாயிலேயே பிடித்துப்போயிற்று.

டிவோலி 1843இல் திறந்த பூங்கா. மத்திய ரயில் நிலையத்துக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. அங்கே 1914 முதல் ஓடும் மர ரோலர் கோஸ்டருக்காகவே நான் போனேன். இன்றைய ரோலர் கோஸ்டர்களில் பிரேக் தண்டவாளத்தோடு இருக்கும், கணினி பார்த்துக்கொள்ளும். இங்கே ஒவ்வொரு வண்டியிலும் ஓர் ஊழியர் நம்மோடு உட்கார்ந்து, இறக்கத்தில் தானே நெம்புகோலை இழுக்கிறார். எவ்வளவு வேகம் என்பது அவர் கையில். எனக்கு வாய்த்தவர் கடைசி இறக்கம்வரை தாராளமாக விட்டார். தொண்டை கட்டும்வரை கத்தினேன். உடனே மறுபடி வரிசையில் போய் நின்றேன்.

நுழைவுச்சீட்டு தனி, சவாரிக் கட்டணம் தனி. ஆண்டு முழுவதும் திறந்திருக்காது, தேதி பார்த்துப் போங்கள்.