மைதா எதற்கு? மரவள்ளி இருக்கே!

சூப் கெட்டியாக வர மைதாவோ சோளமாவோ கரைத்து ஊற்றுகிறோம். மரவள்ளிக்கிழங்கு கிடைக்கிற நம்ம பக்கம் அது எதற்கு? 2019 வரை எங்கள் விழுப்புரம் மாவட்டத்தோடு இருந்த கள்ளக்குறிச்சிப் பக்கம் நிறைய விளைகிறது. ஜவ்வரிசி செய்வதும் இதில்தான்.

திண்டிவனத்தில் இருக்கும் என் அம்மாவுக்குப் பல் எல்லாம் எடுத்தாச்சு. கஞ்சி என்றாலே முகத்தைத் திருப்பிக்குவாங்க. நான் போகும்போதெல்லாம் இந்த சூப்பைத்தான் கேட்டுக் குடிக்கிறாங்க.

நாலு பேருக்குக் கால் கிலோ கிழங்கு போதும். மேல் தோலோடு உள்ளே இருக்கும் தடித்த பட்டையையும் உரிச்சிடணும். நடு நரம்பை நீக்கி, சின்னத் துண்டுகளாக்கி, அரை மணி நேரம் ஊற வையுங்க. பிறகு வேறு தண்ணீரில், பாத்திரத்தை மூடாமல் குழைய வேகவைத்து, அந்தத் தண்ணீரைக் கொட்டிடணும். மரவள்ளியில் சயனைடு விஷத்தை உண்டாக்கும் பொருள் இருப்பதால்தான் இத்தனை பக்குவம். பச்சையாகவோ அரைவேக்காடாகவோ சாப்பிடவே கூடாது. கசந்தால் தூக்கிப் போட்டுடுங்க.

இதில் மாவுச்சத்துதான் அதிகம், புரதம் குறைவு. அதனால் ஒரு கைப்பிடி பாசிப்பருப்பு, ஒரு கேரட் இரண்டையும் தனியாக வேகவைத்து, ஆறியதும் கிழங்கோடு மிக்ஸியில் அரையுங்க. வெண்ணெயில் சின்ன வெங்காயம், பூண்டு வதக்கி, அரைத்ததோடு மூன்று டம்ளர் தண்ணீர், உப்பு சேர்த்துக் கொதிக்க விடுங்க. இறக்கியதும் அரை டம்ளர் காய்ச்சிய பால், மிளகுத்தூள் கலந்தால், க்ரீம் போட்ட மாதிரியே வழவழன்னு இருக்கும். சர்க்கரை நோய் உள்ளவங்க மட்டும் அளவோடு குடிக்கணும்.

பல் போன பெரியவங்க வீட்டில் இருந்தால் செய்து கொடுத்துப் பாருங்களேன்!

- ஒரு வாசகி, விழுப்புரம்.